ரங்கூன் செடி

தேவசகாயத்தின் தகரப் பெட்டியைக் குளக்கரையில் கவிழ்த்துக் கொட்டினார்கள். ரங்கூனிலிருந்து கொண்டுவந்த இரண்டு கைலி, ஒரு கம்பளி, ஒரு ஜெபப் புத்தகம். தலையாரி புத்தகத்தை உதறினான். தாளுக்கு நடுவிலிருந்து காய்ந்துபோன ஊதாப்பூ ஒன்று விழுந்தது.

"இன்னாடா இது?" என்றார் மணியக்காரர் பச்சையப்பன். கூட்டம் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

தேவசகாயம் கையெடுத்துக் கும்பிட்டான். "இந்தக் கொளத்துப் பூதான் எஜமான். மாதா படத்துக்கு வைக்கறதுக்கு எம் பொஞ்சாதி பறிச்சாந்தா."

"மாதாவுக்குப் பறிச்சது பொட்டிக்குள்ள எப்பிட்றா போச்சு?"

"சாமிக்கு வெச்ச பூவாச்சேன்னு, தூக்கிப் போட மனசு வரல எஜமான்."

"வெதைக்கு எடுத்தாந்தேன்னு சொல்லேன்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பில் ஈரமே இல்லை.

அவனுக்குப் பின்னால் குளம் கிடந்தது. குளம் என்று பெயர்தான், தண்ணீர் எங்கே தெரிந்தது? கரைக்குக் கரை வெங்காயத்தாமரை. தண்டு வெங்காயம் போல் உப்பி, மேலே ஊதாப்பூ பூத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது அந்தச் சனியன். பிடுங்கிக் கரையில் போட்டார்கள். மழை வந்து எல்லாவற்றையும் உள்ளேயே தள்ளிவிட்டது, முன்னைவிட இரண்டு மடங்காகப் பரவியது. தண்ணீர் குடிக்க இறங்கிய எருமை ஒன்று வேரில் கால் சிக்கிச் செத்தது. மதகு அடைத்துக்கொண்டு நாற்றெல்லாம் கருகியது. ஊருக்கு வயிறு எரிந்தது. எரிச்சலைக் கொட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஆள் வலிய வந்து மாட்டினான். தேவசகாயம் ரங்கூனிலிருந்து திரும்பி, ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது சித்திரையில். குளத்தில் ஊதாப்பூ தெரிந்தது ஆனியில். "இந்தச் செடியை நான் அங்க நெறைய பாத்துகிறேன்" என்று, வாய் சும்மா இருக்கமாட்டாமல் நாலு பேரிடம் சொல்லியும் தொலைத்தான். அன்றிலிருந்து அதற்கு ரங்கூன் செடி என்றே பெயராகிவிட்டது.

குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் விவசாய இலாகா அதிகாரி. "சட்டம் இருக்குய்யா. இதைக் குளத்துல கொண்டுவந்து விட்டவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன். இவனை நாளைக்கே வேலூருக்கு அனுப்பிடலாம்."

வேலூர் என்றால் ஜெயில் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தேவசகாயத்தின் மனைவி, நிறைமாதக்காரி சவுரியம்மாள் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் உள்ளே போய்விட்டால் அவளுக்கு அந்த ஊரில் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற ஆளில்லை.

முன்னால் ஊர், பின்னால் செடி. ஓட வழியில்லை, குதிக்கலாமென்றால் அந்த எருமையின் கதிதான். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு காலில் விழுந்தால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்களோ என்றுகூட நினைத்துப் பார்த்தான் பாவி.

மணியக்காரருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சர்க்கார் உத்தரவென்றால் உயிரை விடுகிற மனிதர் அவர். ஊர் ஊராகச் செடியை அடையாளம் காட்டி, கண்ட இடத்தில் அழிக்கச் சொல்லவேண்டும் என்று கோடையில் இலாகாவிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் மாதிரிச் செடி வந்ததல்லவா, அப்போதே பார்க்கவேண்டுமே அவரை! தமுக்கு அடித்து, ஊரையே சாவடியில் வரிசையாக நிறுத்திக் காட்டினார். வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளையும் போட்டார். பிறகு குளத்தில் செடி தலைகாட்டியபோது முதலில் கண்டுபிடித்துத் தகவல் அனுப்பியவரும் அவரே. இப்போது குற்றவாளியையும் பிடித்துக் கொடுத்தாகிவிட்டது.

அதிகாரிக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி. "மணியக்காரரே, கேஸ் நிக்கணும். இது அந்தச் செடிதான்னு எப்படி நிச்சயம் பண்ணினீர்னு கோர்ட்டுல கேப்பாங்க."

"இன்னா எஜமான் இப்பிடிக் கேட்டுட்டீங்க? நீங்க அனுப்புன மாதிரியோட தண்டுக்குத் தண்டு, எலைக்கு எலை ஒத்துப் பாத்தாச்சு. கொஞ்சங்கூட வித்தியாசமில்ல."

"பேஷ்! அப்போ அந்த மாதிரியையும் கேஸோட சேர்த்து வைக்கணும். எங்கே அது? செத்துகித்துப் போச்சா?"

தேவசகாயம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஊர்தான் சாட்சி என்றிருந்தான். இப்போது செடியும் சாட்சிக்கு வருகிறது. இனித் தப்பவே முடியாது.

மணியக்காரர் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார்.

"சர்க்கார் செடியை சாவ வுடுவனா எஜமான்? டின்னுல வாட ஆரம்பிச்ச அன்னிக்கே இந்தக் கொளத்துல வுட்டுட்டேன்!"