எருமையை எதிர்த்து நின்ற ஆமை

நாணல் ஏரித் தொகுதியில் ஐந்து தேர்தல்கள் நடந்திருந்தன. ஐந்திலும் எருமைதான் ஜெயித்தது. ஐந்திலும் அதை எதிர்த்து நின்ற ஆமை டெபாசிட் இழந்தது.

ஒவ்வொரு தடவையும் ஆமை கரை முழுக்க ஊர்ந்து போய் எருமையின் குறைகளைச் சொல்லும். ஒரு தேர்தலில், மதகு ஒழுகுவதுகூட எருமைக்குத் தெரியவில்லை என்றது. ஜெயித்த எருமை முதல் வேலையாக மதகை அடைத்தது. அடுத்த தேர்தலில், எருமை தலைப்பிரட்டைகளை மிதிக்கிறது என்றது. அன்றிலிருந்து எருமை தண்ணீருக்குள் குனிந்து பார்த்தே கால் வைத்தது.

ஆறாவது தேர்தல் வந்தது. மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் மதியம் வரை ஆமையைக் காணவில்லை. எருமை தேடிக்கொண்டு போனது. ஆமை ஒரு புதருக்குள் படுத்திருந்தது.

"என்ன அண்ணே, இந்தத் தடவை நிக்கலையா?"

"முழங்கால் வலி தம்பி. கரையைச் சுத்த முடியாது. போட்டியில்லாம ஜெயிச்சுக்கோ, போ."

எருமை போகவில்லை. "நீங்க நிக்கலைன்னா எல்லாரும் என்னை நல்லவன்னே சொல்லிடுவாங்க அண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

எருமை ஆமையின் பக்கத்தில் மண்டியிட்டது. "ஏறுங்க."

மனுக் கொடுத்த கையோடு பிரசாரம் தொடங்கியது. எருமையின் முதுகில் உட்கார்ந்தபடி ஆமை கத்தியது: "இந்த எருமை நாள் முழுக்கத் தண்ணியைக் கலக்குது! இதுக்கு ஓட்டுப் போடாதீங்க!"

தூரத்துக் கொக்குகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. எருமை இன்னும் கொஞ்சம் அவற்றின் அருகே நடந்தது.