பாவாயி கற்ற கிரேக்கம்

"யா சூ!"

உச்சி வேளையில் வாசலில் நின்று பாவாயி கத்தினாள். எதிர்க் கொட்டகையிலிருந்து ஸ்டாவ்ரோ துரை எழுந்து வந்தார். கையைக் கழுவினார். சாமைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மாதம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி பாவாயி, கோழியத் தொரத்தற மாதிரி அதென்ன சூ?"

"அவுரு பாசைக்கா. கிரீக்கு. போயிட்டு வாங்கன்னு அர்த்தம்."

"திங்கற நேரத்துல மனுசனப் போன்னு சொல்லுவியா? அதும் அவரு பாசையவே கத்துக்கிட்டு!"

"எங்கூட்டுக்காரரு சொல்லச் சொன்னாருக்கா."

அது நிஜம்தான். ஸ்டாவ்ரோ, மலைமேல் திருப்புலி நாட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த கிரேக்கர். சண்டை மூண்டதும் முதலாளி தோட்டத்தைப் போட்டுவிட்டுக் கப்பலேறினார். இவர் நாட்டையோ ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். சம்பளமில்லை, கடுதாசி இல்லை, போக இடமுமில்லை. பாவாயிதான் சோறு போட்டு வந்தாள்.

அவள் புருஷன் அர்த்தனாரிக்கு ஆத்திரம்.

"நம்ம புள்ளைங்களுக்கே பத்தல. எவனோ ஒருத்தனுக்கு எத்தன நாளைக்கு ஆக்கிப் போடுவ, புள்ள? போயிட்டு வாங்கங்கறத அவன் பாசையில கேட்டுக் கத்துக்க. சோத்து நேரத்துக்குச் சொல்லு. ரோசமிருந்தா போயிருவான்."

பாவாயி மலையிறங்கிப் போவதுபோல் நடந்து காட்டி, கையை ஆட்டிக் காட்டித்தான் கேட்டாள். துரையின் முகம் செத்துவிட்டது. இருந்தாலும் சொல்லிக் கொடுத்தார்: "யா சூ."

அன்றிலிருந்து அவள் கத்தக் கத்த, துரை முன்னைவிட வேகமாக வந்தார்.

"என்ன புள்ள, இவனுக்கு வெக்கமே கெடையாதா?"

"நானும் சொல்லிக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

ஒரு சந்தை நாளில் அர்த்தனாரி மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிக்கு இறங்கினான். அங்கே பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த கருப்பண்ணனைக் கண்டான். எகிப்தில் கிரேக்கச் சிப்பாய்களோடு பழகியவன். அவனிடம் தன் குறையைக் கொட்டினான்.

கருப்பண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, அவுங்க போறப்பவும் அதத்தான் சொல்லுவாங்க, வாரப்பவும் அதத்தான் சொல்லுவாங்க! சோத்தப் போட்டு வெச்சுட்டுச் சொன்னா, வாங்கன்னு கூப்புடறதாத்தான் நெனப்பாரு!"

அர்த்தனாரிக்கு முகம் சிவந்தது.

சிரிப்பு அடங்கியதும் கருப்பண்ணன் மெல்லச் சொன்னான். "பாவம் மாமா. அவுங்க ஊருல இப்பப் பெரிய பஞ்சம். சனங்க தெருவுல விழுந்து சாகுதாம்."

அர்த்தனாரி மலையேறினான். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான்.

"அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமாமே. உனக்குத் தெரியுமா?"

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறுநா காலையில என்னப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே அவரும் அதையேதானுங்க சொன்னாரு. அப்பவே தெரியும்."

"போன்னு மட்டும் அர்த்தம் வர்ற வார்த்தை அவுங்க பாசையில இல்லவே இல்லியா?"

"அதும் சொல்லிக் குடுத்தாருங்க. எனக்குத்தான் வாயில நொழையல."

அர்த்தனாரி கொட்டகைப் பக்கம் பார்த்தான். துரை இருமிக்கொண்டு சாக்கைப் போர்த்திப் படுத்திருந்தார்.

"கத்திக் கத்தி உனக்குத் தொண்ட கட்டிப்போச்சு, புள்ள" என்றான். "நாளைக்கு நான் கத்தறேன்."