நாலாவது வரி

"என் கண்ணாடியை எங்க வச்ச?"

மகன் படியேறிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து அந்தக் கத்தல் வந்தது.

பேப்பர் எடுக்க வெளியே வந்த கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "அம்மா போய் ஒரு மாசம் ஆச்சு. உங்கப்பா இன்னும் அவங்களை விடறதா இல்ல போலிருக்கே!"

மகன் நிற்காமல் ஏறிப்போனான். அச்சகத்தில் ராத்திரி முழுக்க நின்ற கால். உள்ளே போய்ச் செருப்பை உதறினான்.

"யாரைப்பா கேக்குறீங்க?"

பெரியவர் ஒரு கணம் விழித்தார். "வாய்ப் பழக்கம்டா" என்றார் சின்னக் குரலில்.

"பதினோரு வருஷப் பழக்கம். டியூட்டி முடிஞ்சு வந்து கண்ணை மூடினா, துண்டு எங்க, தண்ணி எங்கன்னு ஒரே கத்தல். அம்மா காது கேக்காத மனுஷிதான். அதுக்காக? கிட்டப் போய்ச் சொன்னா கிரீடம் இறங்கிடுமா?"

பெரியவர் கண்ணாடியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். பேச வேண்டியதை மகன் அச்சகத்துக் கழிவுத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். நின்றபடியே படித்தான்.

"அம்மா ஒரு நல்ல மனைவி. எனக்கு அம்மா, என் மனைவிக்கும் அம்மா. என் மகளுக்குப் பாட்டி மட்டுமில்லை, முதல் சிநேகிதி. கடைசிப் பதினோரு வருடம் சத்தமே இல்லாத ஓர் உலகத்தில் தன்னந்தனியாக வாழ்ந்தார்..."

"அந்த நாலாவது வரி வேண்டாம்டா."

"ஏன்? உண்மைதானே?"

"அது அவ இல்ல. எடுத்துடு. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அப்பா கெஞ்சி அவன் பார்த்ததில்லை. ஆனாலும் இறங்கவில்லை. "நாலு பேர் உங்களைத் தப்பா நினைப்பாங்கன்னு பயமா? எடுக்க மாட்டேன். அம்மா பட்டதுல அது ஒண்ணாவது வெளியில தெரியட்டும்."

தாளை மேஜையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். வீட்டில் இருந்த ஒரே அறையின் கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் மகளுடைய பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மருமகள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த வரில என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா."

வேறென்ன சொல்வது? பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணிச் சொல்கிற காது அவர் மனைவியுடையது.

மகனுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். அந்த ஒரே அறையில் பகலெல்லாம் மகன் தூங்குவான். புதுப் பெண்ணுக்குப் போனில் அழுவதற்கு இருந்தது சமையலறை மூலை ஒன்றுதான். "எதைத் தொட்டாலும் பின்னாலயே வந்து நிக்குறாங்கம்மா, மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் மாமியார்! பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

மாமியார் ஒரே நொடிதான் யோசித்தாள். "என்னம்மா, கூப்பிட்டியா? கொஞ்ச நாளாவே காது அடைச்சிருக்கு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

சாயங்காலம் நடக்கப் போனபோது கணவரிடம் சொன்னாள்: "பாவங்க அந்தப் பொண்ணு. அழ ஒரு மூலைதான் இருக்கு, அதையும் நான் பிடுங்கிட்டா எங்க போவா? நாளைலருந்து என்கிட்ட கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

ஒரு வாரத்துக்கென்று ஆரம்பித்தது. எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. மகன் காது மெஷின் வேறு வாங்கி வந்துவிட்டான். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டதெல்லாம் அந்தச் சாயங்கால நடையில் மட்டும்தான்.

இதைச் சொன்னால் இந்தப் பெண் இத்தனை வருஷம் போனில் பேசினதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக் கூசிப்போவாள். சொல்லாவிட்டால், பேத்தியின் முதல் சொல்லைக் காதாரக் கேட்டுப் பூரித்தவளை, எதுவும் கேட்காமலே போய்ச் சேர்ந்தவள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

மருமகள் மேஜைக்கு வந்தாள். பேனாவை எடுத்து நாலாவது வரியை ஒரே கோடாக அடித்தாள்.

"என்னம்மா பண்ற!"

"அத்தைக்குத்தான் காது நல்லாக் கேக்குமே, மாமா."

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் வந்த வாரமே தெரியும். துடைச்சு வைக்கலாம்னு எடுத்தேன். பேட்டரி மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைக்கூட அத்தை பிரிக்கல. அதைப் பிரிச்சாதான் மெஷின் வேலையே செய்யும். ஆனா குக்கர் விசில் விட்டா மட்டும் ஓடி வந்து அடுப்பை அணைப்பாங்க."

"அப்போ அதுக்கப்புறம் போன்ல பேசினதெல்லாம்..."

அவருக்கு அந்த நடைகள் ஞாபகம் வந்தன. "இன்னிக்கு என்னைப் பத்தி அவங்கம்மாகிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'எனக்குக் காய்ச்சல்னா அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்காங்கம்மா, உன் ஞாபகமே வர விடல'ன்னு சொல்றா!" தெருமுனை திரும்புவதற்குள் அதையே மனைவி இரண்டு தடவை சொல்லிவிடுவாள்.

"நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது மாமா. சொன்னா அத்தையோட நடிப்பும் கலைஞ்சிடும்" என்றாள் மருமகள். மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "பாதி நாள் அந்தப் பக்கம் எங்கம்மா கிடையாது. வெறும் போனைக் காதுல வச்சுக்கிட்டுத்தான் பேசுவேன்."

சட்டையில் இன்னும் ஒரு கை பாக்கி இருந்தது. அதை நீவி விரித்து, இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.