மூலையில் ஒரு சிப்பாய்

யார்க்‌ஷயர் மாளிகையின் படிக்கட்டு இருட்டில் வெறும் நகல் என்று நூறு வருஷம் தொங்கிய படம், அசல் என்று தெரிந்ததும் பெரிய கூடத்துக்கு வந்தது. படத்தில் இருந்தவன், அரசனின் செல்லப்பிள்ளையாக இருந்து நாட்டையே ஆட்டிவைத்த ஒரு பிரபு. அவனுக்கு இடம்விட, பெயர் தெரியாத சிப்பாயின் படத்தை எதிர்மூலைக்குத் தள்ளினார்கள். கூடத்தைக் காவல் காக்கும் டோரீனுக்கு வயிறு எரிந்தது.

"மூஞ்சில என்ன திமிரு பாருங்க சார். இவன் இழுத்த சண்டையில எத்தனை சிப்பாய்ங்க பட்டினியா செத்தாங்க."

"படத்துமேல என்ன கோபம், டோரீன்?" என்று சிரித்தார் மேலாளர் ஹெஸ்கெத்.

மறுநாள் காலை டோரீன் தூசி தட்டினாள். பிரபுவுக்குப் பக்கத்தில் ஒரு பழத்தட்டு ஓவியம். அதில் பாதி உரித்த எலுமிச்சை இருந்தது. அதை ஒட்டி எப்போதும் இருக்கும் கத்தியைக் காணோம்.

எதிர்மூலைப் பக்கம் திரும்பினாள். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்த சிப்பாய், இப்போது ஒரு கையால் பிடித்திருந்தான். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று வாசலிலிருந்து கேட்டார் ஹெஸ்கெத்.

"இருக்கு சார். அந்தச் சிப்பாயத்தான் ரொம்பத் தள்ளி மாட்டிட்டீங்க. இந்தப் பிரபு பக்கத்துல மாட்டிருங்க."