முகாமுக்கு யார் துணை?

ஷெல்பி தரையில் கிடந்து கைகால்களை உதறிக்கொண்டிருந்தாள். நர்ஸ் லிண்ட்குவிஸ்ட் ஆறாம் வகுப்பு வாசலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஏதோ பேச வேண்டும் என்று நர்ஸ் கூப்பிட்டதால் அப்போதுதான் உள்ளே வந்த தலைமை ஆசிரியர் ஹால்வர்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊருக்கு அவர் புதுசு. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு நோய் என்று காதில் விழுந்ததுமே, அந்தப் பிள்ளை ஏரிக்கரை முகாமுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். யார் அந்தப் பிள்ளை என்று பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மூன்று பள்ளிக்கும் ஒரே நர்ஸ், அவர் முகாமுக்குப் போக முடியாது, அங்கே ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்பது ஹால்வர்சனின் வாதம். நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் மனுஷன் மசியவில்லை. வருஷம் முழுக்கக் காத்திருந்த பிள்ளை, பாவம், அழுது தீர்த்துவிட்டது.

இப்போது அவர் கண்ணெதிரிலேயே நடக்கிறது. பதறிப்போய் மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஷெல்பியின் வாயருகே குனிந்தார்.

"வாயில எதையும் வைக்காதீங்க சார், பல்லு உடைஞ்சிடும்" என்று தடுத்தாள் மாரிட். அதே வகுப்பில் படிக்கும் ஒல்லிப் பெண். மணிக்கட்டில் ஏதோ பொறித்த எஃகுக் காப்பு, கண் சுவர்க் கடிகாரத்தில். "உங்க கோட்டைக் கழட்டிக் குடுங்க."

ஹால்வர்சனின் விலையுயர்ந்த கோட்டு மடிந்து ஷெல்பியின் தலைக்கு அடியில் போனது. இரண்டு பையன்கள் நாற்காலிகளை நகர்த்தினார்கள். யாரும் அவளை அமுக்கிப் பிடிக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடப் போனவரிடம், அஞ்சு நிமிஷம் தாண்டினால் கூப்பிடலாம், இன்னும் ரெண்டுகூட ஆகவில்லை என்றாள் மாரிட். உதறல் அடங்கியதும் ஷெல்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

ஹால்வர்சனின் கோபமெல்லாம் நர்ஸ் மேல் திரும்பியது. "நீங்க என்ன, வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்க?"

"முகாமுக்கு நான் போகலையே. இவங்கதானே போறாங்க" என்றார் நர்ஸ், காபியை ஊதியபடி.

ஷெல்பி எழுந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு பீட்சாவா என்று கேட்டாள். நர்ஸ் அவளை முறைத்தார்.

ஹால்வர்சன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிடிவாதக்காரரே தவிர கெட்டவர் இல்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை தாராளமாக முகாமுக்குப் போகலாம், இனி தடை சொல்ல மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். வகுப்பே கைதட்டியது.

பிறகு மாரிட்டின் தோளில் தட்டிக்கொடுத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கம்மா. முகாம்ல நீ ஷெல்பியை விட்டு ஒரு அடி நகரக் கூடாது."

மாரிட் காப்பைத் திருகிக்கொண்டே நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார்.

"அவதான் சார் என்னை விட்டு நகரக் கூடாது. வலிப்பு எனக்கு."