கரடி ரொட்டி

கரடியின் இடது காது இன்றைக்கும் பிய்ந்துவிட்டது. தர்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டகப்பையால் ரொட்டியைக் கல்லிலிருந்து எவ்வளவு பக்குவமாகக் கிளப்பியும் பலனில்லை.

"காதில்லாத கரடியைப் பிள்ளை தொடமாட்டாள்," என்று சொல்லிக்கொண்டே மாவை எடுத்து இன்னொன்று தட்டினாள்.

குசினி வாசலில் புருசன் ஜெயரூபன் மோட்டார் சைக்கிள் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். "சாப்பாட்டுக்குக் கண்ணும் மூக்கும் வைக்கிற கூத்தை உம்மடை குசினியிலைதான் பாக்கிறன். வயித்துக்கை போனா எல்லாம் ஒண்டுதானே?"

"உங்களுக்கு விளங்காது. பேசாமல் நில்லுங்கோ."

அவளுக்கு இது விளையாட்டில்லை. நாலு வயது மகள் நிருஜா, சாப்பாட்டைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வாள். போன மாதம் கிளினிக்கில் நிறை பார்த்த கிறிஸ்ரினா மிஸ், வளர்ச்சி அட்டையில் பச்சைப் பகுதிக்குக் கீழே புள்ளியை வைத்துவிட்டு, பத்துத் தாய்மாருக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டிலை சமைக்கிறனீரோ?"

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிச் சந்தியிலிருந்து வீடு வரும்வரைக்கும் தர்சனா அழுதாள். மறுநாளே சந்தைக்குப் போய், மூன்று அறை வைத்த மஞ்சள் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று வாங்கினாள். வடிவுவடிவான அச்சுகளும் அங்கே தொங்கின. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

அச்சுக்கு ஜெயரூபன் இருந்தான். நேசறிப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவில்தான் அவனுடைய வெல்டிங் பட்டறை. ஒரு மணித்தியாலம் நக்கல் அடித்துவிட்டு, பால்மா வந்த தகர ரின்னை வெட்டி வளைத்து ஒரு கரடி அச்சுச் செய்து கொடுத்தான். கரட்டில் பூ வெட்டச் சோடாப் போத்தல் மூடி. கண் குத்தப் பேனா மூடி. செலவு சல்லிக்காசில்லை.

அன்று தொடங்கியது அதிசயம். காலையில் அப்பாவும் மகளும் ஒரே பைக்குள் இரண்டு பெட்டிகளோடு போவார்கள். பத்து மணிச் சாப்பாடு அவளுக்கு நேசறியில், அவனுக்குப் பட்டறையில். மத்தியானம் இருவரும் திரும்பி வரும்போது மஞ்சள் பெட்டி வெறுமையாக இருக்கும். வெறுமை மட்டுமா, கழுவித் துடைத்து, மூடி பூட்டி வரும்.

ஜெயரூபனின் சில்வர் பெட்டியைத் திறந்தால்தான் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். விளிம்பெல்லாம் பிட்டு, மூடியெல்லாம் கணவாய்க் கறி, பைக்குள்ளும் பாதி.

"நாலு வயசுப் பிள்ளை எவ்வளவு வடிவாக் கழுவிக்கொண்டு வருது! உங்களுக்கு ஏழு கழுதை வயசாச்சு. பாருங்கோ, சிந்திச் சிதறி!"

"இனிக் கவனமாச் சாப்பிடுறன்," என்பான், நல்ல பிள்ளையாக. மற்ற எதற்கும் ஒன்றுக்கு ஒன்பது திருப்பிக் கதைக்கிறவன், இதற்கு மட்டும் எதிர்த்துக் கதைக்கமாட்டான்.

அடுத்த கிழமை, கேட்காமலே முயல் அச்சு ஒன்றும் செய்துகொண்டு வந்தான். "ஒவ்வொரு நாளும் கரடி எண்டா பிள்ளைக்கு அலுத்துப் போமெல்லே?"

தர்சனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயால்தான் மனுசன் பொல்லாதவன் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளினிக் நாளும் வந்தது. மூன்று பேருமாகப் போனார்கள். தராசைப் பார்த்த கிறிஸ்ரினா மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுநூறு கிராம் கூட! புள்ளி பச்சைக்குள் ஏறிக் குந்தியிருந்தது.

"தர்சனா, என்ன குடுத்தனீர்?"

கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வந்திருந்தாள். பையைத் திறந்து கரடி, முயல், சோடா மூடி, பேனா மூடி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். "சாப்பாடு அதேதான் மிஸ். வடிவிலைதான் இருக்குது விசயம்."

போன மாதம் அவளைப் பாவமாகப் பார்த்த அதே பத்துத் தாய்மாரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, மாக்கிறேற் அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"உந்த முயல் எங்கை வாங்கினது பிள்ளை?"

"வாங்கேல்லை அக்கா. என்ரை அவர் செய்தவர். உங்களுக்கும் செய்து தருவார்."

அவளுடைய அவர் அந்த நேரம் கதவடியில் மெல்ல நழுவிக்கொண்டிருந்தார். "பட்டறையிலை ஆள் பாத்துக்கொண்டு நிக்குது, நான் போயிட்டு வாறன்."

"நில்லுங்கோ, பிள்ளை சாப்பிடுறதைப் பாத்திட்டுப் போங்கோ," என்று தர்சனா விடவில்லை.

மஞ்சள் பெட்டியைத் திறந்து நிருஜாவின் மடியில் வைத்தாள். உள்ளே இரண்டு காதும் முழுசாக, கரட் பூக்களுக்கு நடுவில், கரடி சிரித்துக்கொண்டு படுத்திருந்தது. மண்டபமே எட்டிப் பார்த்தது.

நிருஜா கரடியைப் பார்த்தாள். கதவடியில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு மூடியைப் பூட்டி, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன் குஞ்சு, சாப்பிடுங்கோவன்," என்றார் கிறிஸ்ரினா மிஸ்.

"ஏலாது மிஸ். இது அப்பான்ரை. நான் சாப்பிட்டா அவர் அழுவார்."