கிரவுனுக்கு வந்த புதுப் பினியன்

ஜீப்பின் முன் அச்சுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே மலையேறின. ஒரு நாள் உள்ளே ஊளைச் சத்தம் கிளம்பியது. மெக்கானிக் வடித்த ஆயிலில் இரும்புத்தூள் மினுங்கியது.

"எல்லாம் உன் பல்லு தேஞ்சதாலதான்! தொலைஞ்சு போடி, புதுசு வரட்டும்!" என்று கிரவுன் எகிறியது.

"வந்தா தெரியும்யா," என்றபடி பினியன் கழன்றது.

புதுப் பினியன் பளபளவென்று வந்தது. ஒரே சுற்றுதான், பல்லோடு பல் சேராமல் கிரவுன் அலறிவிட்டது.

"இது ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சது, பிரிக்கக் கூடாது. போனது பேரிங்தான்," என்ற மெக்கானிக், பேரிங்கை மாற்றிப் பழைய பினியனையே பூட்டினார்.

"எங்கடி போனே இவ்வளவு நேரம்?" என்று ஜீப் கிளம்பியதும் சீறியது கிரவுன்.

"நீதானேய்யா தொலைஞ்சு போன்னே?"

"சொன்னா உடனே போயிடுறதா? பல்லைக் கொடு, மேடு வருது."